சிறையில் போதைப் பரிசோதனை: சிறுநீரா, உமிழ்நீரா?

இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் கைதிகள் மருந்து மாத்திரைகளையோ புதுவகைப் போதைகளையோ எடுத்திருக்கிறார்களா என்று சோதிக்க 2021இல் சட்டம் வந்தது. கொழும்பின் வெலிக்கடைச் சிறைக்கும் அப்படியொரு சட்டம் கேட்பவர்கள், சோதிக்க எடுப்பது சிறுநீரா உமிழ்நீரா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும்.

காலம்: சிறுநீரில் ஹெரோயின் இரண்டு மூன்று நாள் தெரியும், நாட்பட்ட கஞ்சா வாரக்கணக்கில் நிற்கும். பிடிபடாமலிருக்கக் கஞ்சாவை விட்டு ஹெரோயினுக்கு மாறும் ஆபத்து இங்கேதான். உமிழ்நீரில் பெரும்பாலும் ஓரிரு நாள்தான்.

மானம்: சிறுநீரென்றால் உத்தியோகத்தர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கலப்பார்கள். உமிழ்நீருக்குக் கன்னத்துக்குள் ஒரு பஞ்சுக்குச்சி போதும்.

செலவு: சிறுநீர்ச் சோதனைப் பட்டை மலிவு.

சிகிச்சையில் இருப்பவரைத் தொடர்ந்து கவனிக்கச் சிறுநீர். விளக்கமறியலுக்கு ஆட்கள் வந்திறங்கும் நெரிசலில் உமிழ்நீர். எதுவானாலும், சில இருமல் மருந்துகளிலுள்ள, ஹெரோயின் இனத்தைச் சேர்ந்த கோடீனும் சிக்கும். ஆய்வுகூடம் உறுதிப்படுத்தாமல் யாரையும் தண்டிக்கக் கூடாது.