பழைய ஃபுல் ஃப்ரேம்: 5டி மார்க் 2 வாங்கலாமா, 6டி வாங்கலாமா?

பழைய கேமராக்களில் ஃபுல் ஃப்ரேம் (35 மிமீ ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் உள்ளது) தேடினால் இந்த இரண்டு கேனானும் கண்டிப்பாகக் கண்ணில் படும். மார்க் 2 வந்தது 2008-ல், 6டி 2012-ல். மெகாபிக்சல் 21.1, 20.2, அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இருட்டில்தான் வித்தியாசமே. 6டி-யின் நடு ஃபோகஸ் புள்ளி மைனஸ் 3 ஈவி (வெளிச்சத்தின் அளவு, எண் இறங்க இறங்க இருட்டு) வரை பிடிக்கும், அதாவது ஒற்றை விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண் இமையைக்கூட நம்பி எடுக்கலாம், ஆனால் மார்க் 2-வில் அந்த வெளிச்சத்துக்கு லென்ஸ் முன்னும் பின்னும் தேடும், அப்புறம் கணினியில் படத்தின் இருட்டான பகுதியை வெளிச்சமாக்கினால் கோடு கோடாகத் தெரியும்.

மார்க் 2-வுக்கும் பலம் உண்டு. ஷட்டர் வேகம் 1/8000 நொடி வரை போகும், 6டி 1/4000-தான். கட்டைவிரலுக்கு ஜாய்ஸ்டிக் இருக்கிறது, அது பழகிவிட்டால் விட மனசு வராது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், மார்க் 2 என்றால் கார்டு துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அதில் போடுவது சிஎஃப் கார்டு, துளைக்குள் மெல்லிய பின்கள் வரிசையாக இருக்கும். நான் வாங்கிய ஒன்றில் ஒரு பின் வளைந்திருந்தது, விற்றவர் வாயே திறக்கவில்லை. 6டி-யில் எஸ்டி கார்டு, அந்தத் தொல்லை இல்லை.

வெயிலில், ஸ்டுடியோவில் எடுப்பவர் விலை நன்றாகக் குறைந்தால் மார்க் 2 எடுக்கலாம். கல்யாணம், சாயங்காலம், வீட்டுக்குள் குழந்தைகள் என்றால் யோசிக்காமல் 6டி.