நாலு ராத்திரி தங்க ஹோட்டலா, அபார்ட்மென்டா, சின்ன கெஸ்ட் ஹவுஸா?

பிள்ளைகள் இரண்டு பேர், பாட்டி, நாங்கள் இருவர். இந்த ஐந்து பேருக்கு வெளிநாட்டு நகரம் ஒன்றில் நாலு ராத்திரி தங்க இடம் தேடினால் மூன்று வழிகள் கண்ணில் படும். பெரிய ஹோட்டல், மொத்தமாக வாடகைக்குக் கிடைக்கும் அபார்ட்மென்ட், வீட்டுக்காரர்களே நடத்தும் ஆறேழு அறை கெஸ்ட் ஹவுஸ். மூன்றிலும் தங்கிப் பார்த்துவிட்டேன். நாலைந்து நாள் பயணம், கூடவே சின்னப் பிள்ளைகள் என்றால் என் ஓட்டு கெஸ்ட் ஹவுஸுக்குத்தான். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் புக்கிங்குக்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். அது படிக்கட்டு, பிறகு சொல்கிறேன்.

ஹோட்டலின் பெரிய பலம், எந்த நேரத்திலும் கதவு திறந்திருப்பது. விமானம் தாமதமாகி ராத்திரி 2 மணிக்குப் போய் நின்றாலும் ரிசப்ஷனில் ஆள் இருப்பார். லிஃப்ட் இருக்கும். சிக்கல் அறையில்தான். பெரும்பாலான அறைகள் இரண்டு பேரை மனதில் வைத்துக் கட்டியவை. ஐந்து பேர் என்றால் இரண்டு அறை எடுத்தாக வேண்டும். அடுத்தடுத்த அறை வேறு, நடுவில் உள்கதவு வைத்து இணைத்த அறை வேறு. இணைத்த அறைதான் வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கேட்டு, அவர்கள் உறுதி செய்யாவிட்டால், பாட்டி நாலாவது மாடியிலும் நாம் ஆறாவது மாடியிலுமாகத் தங்க நேரிடலாம். எல்லோரும் ஒரே அறையில் நெருக்கிப் படுத்தால் இன்னொரு கஷ்டம். எட்டரை மணிக்குப் பிள்ளைகள் தூங்கியதும் விளக்கை அணைத்தாக வேண்டும். மறுநாள் எங்கே போவது என்பதைக்கூட குளியலறைக்குள் நின்று கிசுகிசுத்துத்தான் பேசினோம்.

அபார்ட்மென்டில் இந்தத் தொல்லை இல்லை. தனிப் படுக்கையறை, சமையலறை, வாஷிங் மெஷின் எல்லாம் உண்டு. ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். மூன்று நாலு ராத்திரிக்கு என்றால் எனக்குத் தயக்கம்தான். சுத்தம் செய்யும் கட்டணத்தைப் பெரும்பாலும் ஒரே தொகையாக வாங்குகிறார்கள். இரண்டு ராத்திரி தங்கினாலும் பத்து ராத்திரி தங்கினாலும் அதே தொகை என்பதால், குறுகிய பயணத்தில் அது கனமாக விழும்.

அதைவிட முக்கியம் சட்டம். நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து கடுமையாக அமலாகும் விதிப்படி, 30 நாளுக்குக் குறைந்த வாடகைக்கு வீட்டை விடுபவர் அதே வீட்டில் கூடவே தங்கியிருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. ஐந்து பேர் குடும்பத்துக்கு அங்கே அந்த வழியே அடைபட்டுவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் சொந்த வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 30 ராத்திரிதான் விடலாம், சில பகுதிகளில் அதைவிடக் குறைவு, ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் முடியாது. பாரிஸில் ஒருவர் தான் வசிக்கும் வீட்டை விடுவதற்கான வரம்பு 2025 முதல் 120 நாளிலிருந்து 90 ஆகக் குறைந்தது. சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடவே கூடாது. அதனால் உரிமம் அல்லது பதிவு எண் தேவைப்படும் நகரங்களில், அந்த எண் இல்லாத வீட்டை நான் எடுப்பதில்லை. கடைசி நேரத்தில் ரத்தானால் பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பது?

கெஸ்ட் ஹவுஸ் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒரு ராத்திரி. சின்னவளுக்குத் திடீரென்று காய்ச்சல் ஏறியது. பதினொன்றரை மணிக்குக் கதவைத் தட்டினேன். வீட்டுக்கார அம்மா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். தன் வீட்டுத் தெர்மாமீட்டரைக் கொடுத்தார், ராத்திரியில் திறந்திருக்கும் மருந்துக்கடைக்குப் போன் செய்து மருந்து இருக்கிறதா என்று அவர்கள் மொழியிலேயே கேட்டார். பிறகு ஒரு துண்டுச்சீட்டில் வழியை வரைந்து, திரும்ப வேண்டிய முனையில் பேனாவால் இரண்டு வட்டம் போட்டுத் தந்தார். அபார்ட்மென்டில் இருந்திருந்தால் சாவிப்பெட்டியின் நம்பரும் பதில் வராத மெசேஜும்தான் துணை. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

குறைகள் இருக்கவே செய்கின்றன. சுவர் மெல்லிசு, பக்கத்து அறை இருமல் இங்கே கேட்கும். குளியலறை பொதுவாக இருக்கலாம். காலை உணவு குறிப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குத்தான். ராத்திரி ஒன்பதுக்கு மேல் சாவி கொடுக்க ஆள் இல்லாத இடங்களும் உண்டு. அதனால் விமானம் இறங்கும் நேரத்தை முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள்.

சரி, படிக்கட்டுக்கு வருவோம். பழைய நகரங்களின் நடுவில் இருக்கும் சின்ன கெஸ்ட் ஹவுஸ்கள் பலவும் பழைய கட்டடங்கள். லிஃப்ட் வைக்க இடமே இருக்காது. ஓர் இடத்தில் வளைந்து வளைந்து ஏறும் குறுகலான படி, பாதம் முழுதாகப் பதியவில்லை. பாட்டி இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறினார். பெட்டிகளை நான் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து ‘எத்தனையாவது மாடி’ என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. தெருவிலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி என்று கேட்கிறேன். எண்ணிச் சொல்கிற வீட்டுக்காரர் என்றால் மற்றதையும் பொறுப்பாகவே பார்த்துக்கொள்கிறார், இதுவரை அப்படித்தான்.

வரியையும் கணக்கில் சேருங்கள். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் தங்கும் வரி தனி. ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம். பாரிஸில் ஆள் கணக்கு, ஆனால் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கிடையாது.

அப்புறம் கடைசி நாள். காலை பதினொன்றுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், விமானமோ ராத்திரி. ஹோட்டலில் பெட்டிகளை வைத்துக்கொள்வார்கள். அபார்ட்மென்டில் அடுத்தவர் வந்துவிடுவார், பெட்டிகளை இழுத்துக்கொண்டேதான் ஊர் சுற்ற வேண்டும். காய்ச்சல் ராத்திரி துணை நின்ற அந்த வீட்டில், படிக்கட்டுக்கு அடியில் குடைகளுக்குப் பக்கத்தில் எங்கள் மூன்று பெட்டிகளையும் தள்ளி வைத்தார் அந்த அம்மா. மாலையில் எடுக்கப் போனபோது, கட்டிலுக்கு அடியில் சின்னவள் விட்டுவிட்டு வந்திருந்த ஒற்றைக் காலுறை மடித்து மேல் பெட்டியின் மேல் இருந்தது.