பில்லில் 9600 டிபிஐ, படத்தில் பாதிகூட இல்லை

பழைய ஃபிலிம் ஸ்லைடு பெட்டியை ஸ்கேன் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் கவனிக்கவும். 140 கலர் ஸ்லைடு, எல்லாம் 35 மி.மீ. '9600 டிபிஐ' (அங்குலத்துக்கு 9600 புள்ளி) என்று பில் போட்டு, சாதா ஸ்கேனைவிட இரண்டு மடங்கு பணம் வாங்கியிருக்கிறது ஒரு கடை.

கோப்பின் அளவு என்னவோ சரியாகத்தான் இருக்கிறது. 36 × 24 மி.மீ. படச்சட்டம் 9600-இல் ஏறக்குறைய 13,600 × 9,070 பிக்சல் வரும். சுருக்காத டிஃப் படக்கோப்பு, நிறத்துக்கு 8 பிட்டிலேயே 370 எம்.பி. ஆனால் 100 சதவீதத்தில் திறந்தால் எல்லாம் மெழுகு பூசினாற்போல் இருக்கிறது. ஃபிலிமின் மணி (கிரெயின் என்னும் நுண்துகள்) கூடத் தெரியவில்லை. ஒரு படத்தில் ரயில் நிலையப் பெயர்ப்பலகை. ஊர்ப்பெயர் தெரிகிறது, அடியில் எழுதியிருக்கும் கடல்மட்ட உயரம் வெறும் கறை.

ஏமாற்று எங்கே என்று 'ஜிம்ப்' என்ற இலவசப் பட மென்பொருளிலேயே பிடித்துவிடலாம். படத்தின் நகல் லேயரை 25 சதவீதமாகச் சுருக்கி, திரும்ப 400 சதவீதமாகப் பெரிதாக்குங்கள். அசல் மேல் வைத்து லேயர் முறையை 'டிஃபரன்ஸ்' ஆக்குங்கள்; இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் தெரியும். திரை முழுக்கக் கறுப்பாகவே இருந்தால் அதில் இருப்பது 2400 டிபிஐ அளவு விவரம்தான், மீதி மென்பொருள் ஊதியது. இந்தக் கோப்புகள் அத்தனையும் கறுப்பு. அட்டைப்பெட்டியில் 6400 என்று போட்ட பிளாட்பெட் (கண்ணாடித் தட்டு) ஸ்கேனர்கள்கூட சோதனையில் பெரும்பாலும் 1500 முதல் 2300 வரைதான் பிரித்துக் காட்டுகின்றன.

கையில் பிடித்து எடுத்த குடும்பப் படங்களுக்கு உண்மையான 2400 போதும். 11 அங்குல அகலத்துக்குத் தாராளமாக அச்சுப் போடலாம். முக்காலியில் வைத்து நல்ல லென்ஸில் எடுத்ததா, ஃபிலிம் ஸ்கேனரில் 4000 கேளுங்கள்: 5670 × 3780 பிக்சல். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் மணிதான் பெரிதாகும். கோப்பின் ப்ராப்பர்ட்டியில் காட்டும் '300 டிபிஐ'யைப் பொருட்படுத்த வேண்டாம், அது அச்சுக்கான குறிப்பு மட்டுமே. பிக்சலை எண்ணுங்கள்.

ஸ்லைடின் மவுண்டில் (சட்டத்தில்) கோடாக்ரோம் என்ற ஃபிலிம் பெயர் இருந்தால், அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டு அழிக்கும் ஸ்கேனரின் தூசிநீக்கியை அணைக்கச் சொல்லுங்கள். பல ஸ்கேனர்கள் அதன் கருமையான இடங்களைத் தூசி என்று எடுத்துக்கொண்டு விவரத்தை அழித்துவிடும்.

மொத்தத்தையும் கொடுக்குமுன் மூன்று ஸ்லைடு மட்டும் கொடுத்து, எந்த இயந்திரம் என்று மாடல் பெயரோடு கேட்டு வாங்கிப் பாருங்கள். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று ஸ்லைடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த 140-உம் பத்திரமாக இருந்ததால்தான் ஃபிலிம் ஸ்கேனரில் 4000-இல் மறுபடி ஓட்ட முடிந்தது. பலகையின் அடியில் மீட்டர் கணக்கு இப்போது தெளிவாகப் படிக்க வருகிறது.