கிணற்றடி மறைப்புக்கு ஏழு வருடம்: தகரம், பச்சை நெற், கிடுகு, கதியால்

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் பிடியில் இருந்த எங்கள் காணி 2018இல் விடுபட்டது. 1990இல் போருக்குப் பயந்து உடுத்த உடுப்போடு விட்டுப்போன வளவு. திரும்பி வந்து பார்த்தபோது கிணறு இருந்தது, மூலையில் இரண்டு பனை நின்றன. வேலி என்று சொல்ல ஒரு கதியால்கூட (நட்டால் தளிர்க்கும் வேலித்தடி) மிஞ்சவில்லை. ஒழுங்கையால் சைக்கிளில் போகிறவருக்குக் கிணற்றடியும் தெரியும், அதற்கு அப்பால் நாலு வளவும் தெரியும். குளியலறை கட்டக் காசு சேரும்வரை அம்மாவும் தங்கச்சியும் கிணற்றடியில்தான் குளிக்க வேண்டும். மதில் கட்ட வசதியில்லை. ஒழுங்கைப் பக்கம் 60 அடி நீளம். அதை எதைக்கொண்டு மறைப்பது என்பதுதான் வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட முன்னமே எனக்கு இருந்த கவலை.

முதலில் தரப்பாள் கட்டினோம். அது சோளகக் காற்றுக்கு ஒரு மாதம் நிற்கவில்லை. வளையங்கள் எல்லாம் பிய்ந்து கந்தலாகிவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

அடுத்தது தகரம். கிணற்றடிக்கு மட்டும் 12 அடிக்குப் பழைய தகரம் வாங்கி, மரத்தூணில் அறைந்தேன். மறைப்பு என்ற அளவில் அதற்கு ஈடில்லை. அறைந்த அன்றைக்கே தங்கச்சி நிம்மதியாகக் குளித்தாள். ஆனால் வெயிலுக்கு அது சூடேறி, பக்கத்தில் அம்மா வைத்த மிளகாய்க் கன்றுகள் மத்தியானத்தில் துவண்டுவிடும். கடல் கிட்ட என்பதால் உப்புக்காற்று ஆணி அறைந்த துளைகளிலிருந்து கறளைத் தொடங்கியது. தூண்களின் அடியைக் கறையான் அரித்ததும் எங்களுக்குத் தெரியவில்லை. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்தபோது மண் ஊறிக் கிடந்தது. ஒரே இரவில் தகரம் தூணோடு சாய்ந்தது. காற்று புகுந்து போக வழியில்லாத எந்த மறைப்பும் கப்பல் பாய் மாதிரித்தான். காற்றின் முழுப்பாரத்தையும் தூண்தான் வாங்கும். தகரம் போடுவதென்றால் சின்ன நீளத்துக்கு, சீமெந்துத் தூணோடு மட்டும் போடுங்கள்.

ஒழுங்கைப் பக்கத்துக்கு 2019இல் பச்சை நெற் (நிழல்வலை) போட்டேன். 75 வீத நிழல் தருவது. 50 வீதத்தை வாங்காதீர்கள், அது கன்றுக்கு நிழல் கொடுக்கத்தான் சரி. நெற் கட்டுவது மிகச் சுலபம். நானும் தங்கச்சியும் ஒரு பின்னேரத்தில் 60 அடியையும் முடித்துவிட்டோம். காற்றும் ஊடே போகும். பகலில் ஒழுங்கையில் நின்று பார்த்தால் உள்ளே ஒன்றும் பிடிபடாது. இது நல்ல வழி என்று இரண்டு வீட்டுக்குச் சொல்லியும் விட்டேன். ஒருநாள் கருகலில் தங்கச்சி கடைக்குப் போய்த் திரும்பி வந்தவள் படலையடியில் அப்படியே நின்றாள். “அண்ணா, இஞ்சை வந்து பாருங்கோ. அம்மா கை கால் கழுவுறது அப்பிடியே தெரியுது” என்றாள். போய்ப் பார்த்தேன். கிணற்றடி மின்குமிழ் வெளிச்சத்தில் அம்மா குனிவதும் நிமிர்வதும் துலாம்பரமாகத் தெரிந்தது. எந்தப் பக்கம் வெளிச்சம் கூடவோ அந்தப் பக்கம்தான் நெற்றுக்கு ஊடாகத் தெரியும். பகலில் வெயில் வெளியே, அதனால் உள்ளே மறைகிறது. இரவில் விளக்கு உள்ளே, அதனால் எல்லாம் வெளியே தெரிகிறது. விற்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. நெற் போட்டிருப்பவர்கள் இன்றிரவே விளக்கைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்று பாருங்கள்.

மூன்றாம் வருடம் நெற் நொறுங்கத் தொடங்கியது. கையால் தொட்டால் பச்சைத் தும்பாக உதிரும். அந்தத் தும்பு கீரைப் பாத்திக்குள் விழுந்ததை அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அதோடு நெற்றை விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. நெற் கட்டிய அந்த வருடமே பக்கத்து வளவு அண்ணை வந்து பார்த்துவிட்டு, “தம்பி, மறைப்பு எதையும் கட்டும். ஆனால் செத்த தடியிலை கட்டாதையும்” என்றார். ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் 40 கதியால் தந்தார். பெரும்பாலும் சீமைக்கிளுவை (கிளிறிசிடியா), கொஞ்சம் பூவரசு, கொஞ்சம் கிளுவை. மணிக்கட்டு மொத்தம், ஆறேழு அடி நீளம். அலவாங்கால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குத்தி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டோம். செம்மண்ணுக்குக் கீழே சில இடத்தில் சுண்ணாம்புக்கல் இடித்தது. அங்கே மட்டும் இடைவெளி கூடிவிட்டது. அடி நுனி மாறாமல் நட வேண்டும். மேல் வெட்டு வாயில் சாணி அப்பினால் காயாது. 40இல் 31 தளிர்த்தன. சீமைக்கிளுவை முந்தியது, கிளுவை ஆறுதலாகத்தான் வந்தது.

நட முதல் எல்லை பற்றி இரண்டு பக்கத்தாரோடும் கதைத்துவிடுங்கள். எங்கள் ஊரில் கதியால் ஒரு சாண் தள்ளிப்போனதற்காக வழக்குப் பேசியவர்கள் இருக்கிறார்கள்.

2021இல் அந்தக் கதியால்களில் கிடுகு, அதாவது இழைத்த தென்னோலை, கட்டினேன். ஒரு தென்னோலையை நடுவால் பிளந்தால் இரண்டு கிடுகு. ஊறப்போட்டு இழைத்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். காய்ந்த ஓலையில் அவசரத்துக்கு இழைத்தது மடிப்பில் முறிந்துவிடும். 80 கிடுகு அளவில் போனது. வேலி அடைக்க இரண்டு பேர் வேண்டும். நான் வெளியே நின்று குத்தூசியைக் கிடுகுக்குள்ளால் குத்துவேன், உள்ளே நிற்கும் அண்ணை கயிற்றைக் கோத்துவிடுவார். ஊசியை இழுத்து, குறுக்கே வைக்கும் வரிச்சுத் தடியைச் சேர்த்து இறுக்கி முடிய வேண்டும். முதல் வரிசையில் நான் கட்டுக்கம்பியை எடுத்தேன். “கம்பி போடாதையும். கதியால் பருக்கேக்கை கம்பி உள்ளுக்கை வெட்டிப்போடும். கயிறு எண்டால் உக்கினாப் பிறகு மாத்தலாம்” என்று தடுத்தார். கதியால் நட்ட பிறகு நெற்றை அவற்றோடு சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்த இரண்டைப் போய்ப் பார்த்தேன். கம்பி பட்டைக்குள் புதைந்து, அதற்கு மேல் கொப்பு வாடிப்போயிருந்தது.

கிடுகின் அடியை மண்ணில் முட்டவிடக் கூடாது. முதல் தடவை முட்டவிட்டேன், கறையான் முழங்கால் உயரத்துக்கு ஏறியது. இப்போது அடியில் ஓரடிக்குப் பனங்கருக்கு மட்டையை நெருக்கிக் கட்டி, அதற்கு மேல்தான் கிடுகு தொடங்குகிறது. நாயும் கோழியும் நுழைவதில்லை. கிடுகு எங்களுக்கு இரண்டு மாரி தாங்கும். 2023இல் ஒரு தடவை மாற்றினோம், இந்த வருடம் மறுபடி. கழற்றிய பழசு தென்னம்பாத்திக்கும் வாழையடிக்கும் பசளையாகப் போகிறது. 2022இல் தகரம், நெற் விலை எல்லாம் கைக்கு எட்டாமல் ஏறியபோது, ஊரில் இழைத்த கிடுகு மட்டும்தான் எங்கள் கைக்குள் இருந்தது. ஒரு பயம் உண்டு, நெருப்பு. வேலிக்குப் பக்கத்தில் குப்பை கொளுத்தவே கூடாது.

கிடுகு உக்கும் மாதங்களில் வெறுமை தெரியாமல் காப்பது கதியால்தான். தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று இலங்கை அறிவித்த மரம் சீமைக்கிளுவை. குழை ஆட்டுக்கும் போகும், பாத்திக்கும் போகும். ஆனால் வெட்டாமல் விட்டால் மாரி முடிந்து இலையைக் கொட்டிவிட்டுப் பூக்கத் தொடங்கும், மறைப்பு போய்விடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டினாலும் அதே வெறுமைதான். நான் ஒன்றைவிட்டு ஒன்றாக வெட்டுகிறேன். வெட்டியது தளிர்த்து மூடிய பிறகுதான் மற்றதில் கத்தி வைப்பேன்.

தளிர்க்காமல் போன ஒன்பது இடங்களில் செவ்வரத்தையும் ஆடாதோடையும் வைத்தோம். செவ்வரத்தையை ஆடு மூன்று தடவை மொட்டையடித்தது. ஆடாதோடையில் அது வாய் வைக்கவில்லை.

இப்போது குளியலறை இருக்கிறது. இருந்தும் வெக்கை நாளில் அம்மா கிணற்றடிக்குத்தான் போகிறார். அண்ணை வீட்டுப் பக்கம் வேலியில் ஆள் நுழைய ஒரு பொட்டு (சின்ன இடைவெளி) விட்டிருக்கிறோம். அதை அடைக்கவா என்று கேட்டபோது அம்மா சம்மதிக்கவில்லை. அண்ணை வீட்டு அக்கா கறி கொண்டுவருவது அதற்குள்ளால்தான். பின்பக்க வேலி இன்னும் பாக்கி. ஐப்பசி மழை விழுந்ததும் முப்பது கதியால் தருவதாக அண்ணை சொல்லியிருக்கிறார்.