60 நாள் பேச்சில்லை என்றால் வழு போய்விடுமா?

பாளையங்கோட்டையில் டிடிபி வேலை பார்க்கிறேன். ஒரு நாள் நீளமான கோப்பு ஒன்றில் 'கொக்கிரகுளம்' என்று தேடினேன். சொல் கண் முன்னாலேயே இருக்கிறது, மென்பொருளோ இல்லை என்கிறது. யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே எழுத்தாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது; விதிப்படியும் இரண்டும் சமம். தேடல்தான் அதைக் கவனிக்கவில்லை.

மாதிரிக் கோப்போடு, அந்த மென்பொருளை உருவாக்குபவர்களுக்கு வழு (மென்பொருள் பிழை) அறிக்கை போட்டேன். "ஆமாம், எனக்கும் வருகிறது" என்று ஒருவர் உறுதியும் செய்தார். அப்புறம் கிணற்றில் போட்ட கல்தான். நெல்லையப்பர் ஆனித் தேரோட்ட நேரம், அழைப்பிதழ் வேலை கழுத்தை நெரித்தது. அதற்குள், பேச்சில்லாத அறிக்கைகளை மூடும் தானியங்கி நிரல் எச்சரித்து, என் அறிக்கையை மூடியும் விட்டது.

மென்பொருள் திட்டங்களை வைக்கும் தளமான கிட்ஹப்பின் 'ஸ்டேல்' (பழசு) கருவியை அமைப்பு மாற்றாமல் அப்படியே போட்டால் கணக்கு இதுதான்: 60 நாள் அசைவில்லை என்றால் அறிக்கைக்குப் 'பழசு' என்று லேபிள், இன்னும் 7 நாளில் மூடல். இடையில் யாராவது ஒரு கமெண்ட் போட்டால் லேபிள் போய்விடும். அதனால் வழுவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாதவரும் "இன்னும் இருக்கிறது" என்று வந்து எழுத வேண்டியிருக்கிறது. சர்வர்களில் மென்பொருட்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் திட்டம் கொஞ்சம் தாராளம்: 90 நாளில் ஒரு லேபிள், பிறகு 30 நாளில் அடுத்த லேபிள், பிறகு இன்னொரு 30 நாளில் மூடல். மூடவே கூடாத அறிக்கையைத் தானியங்கி தொடாதபடி உறையவைக்கவும் வழி உண்டு. ஆனாலும் அளக்கப்படுவது மௌனம்தான், வழு அல்ல.

லினக்ஸ் இயங்குதளமான டெபியன் நேர் எதிர். பேச்சு நின்றது என்பதற்காக மட்டும் அங்கே எதுவும் தானாக மூடப்படுவதில்லை. எனக்கு அது மரியாதையாகப் படுகிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பட்டியலில் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பிரிப்பது சம்பளமில்லாமல் உழைக்கும் பராமரிப்பாளர் தலையில் விழுகிறது. "ஓடலை" என்று ஒரே சொல்லில் வரும் அறிக்கையை அவர் எத்தனை வருடம் சுமப்பார்?

இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான ஃபெடோரா, பதிப்பின் ஆயுளைப் பார்க்கிறது. ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதம் ஆதரவு. அது முடிந்ததும் அதன் வழுக்கள் மூடப்படும். புதிய பதிப்பிலும் இருந்தால் பதிப்பு எண்ணை மாற்றிவிடலாம். சரி, இதில் காரணமாவது இருக்கிறது.

என் ஓட்டு, இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸ் வழிக்குத்தான். அறிக்கை போட்டவரிடம் விவரம் கேட்டும் 6 மாதம் பதில் வராவிட்டால் நினைவூட்டல், மேலும் ஒரு மாதம் போனால் மூடல். உறுதியான வழுவை ஒரு வருடம் யாரும் தொடாவிட்டால், புதிய பதிப்பில் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பார்கள். பதில் வரவில்லை என்று அதை மூடுவதில்லை. பந்து யார் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கடிகாரத்தை ஓட விடுகிறார்கள். நான் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன். பிறகு அந்தப் பக்கம் பேச்சில்லாததற்கு என் அறிக்கையை ஏன் மூட வேண்டும்?

ஸ்டேல் கருவியிலும் இதைச் செய்யலாம். 'விவரம் தேவை' லேபிள் உள்ளவற்றை மட்டும் தொடு என்று ஒரு வரி அமைப்பு போதும். மூடப்பட்ட அறிக்கையைத் திறக்கச் சொல்லி எழுதும்போது அந்த வரியையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.