குடும்பக் காருக்கு ஆல் சீசன் டயரா, கோடை டயரா?

மலையும் பனிச்செதிலும் சேர்ந்த சின்னம் பொறித்த ஆல் சீசன் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனாலும் இறுகாது. வேலூரில் அந்தக் குளிர் ஏது? அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. காய்ந்து கொதிக்கிற சாலையில் அந்த மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும், பிரேக் பிடித்தால் நிற்கவும் கூடுதல் தூரம் எடுக்கும். கோடை டயர் சூட்டுக்கென்றே செய்தது.

சரி, ஐப்பசி மழைக்கு? தண்ணீரை ஒதுக்குவது பட்டனின், அதாவது டயர் மேல் உள்ள வரிப்பள்ளங்களின், ஆழம். அது 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எந்த டயரும் மொட்டைதான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் கோடை டயரே போதும். என் ஓட்டு அதற்கே.

அப்புறம், வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 2224 என்றால் 2024ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். பழைய சரக்கைத் தள்ளுபடி விலையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.