சுவரை இடித்த வீட்டில் ஆறு வருட ஏர்கோன் அனுபவம்

கோலாலம்பூர் செந்தூலில் எங்களுடையது இரண்டு மாடி வரிசை வீடு. 2019ல் குடிவருவதற்கு முன்பே கூடம், சாப்பாட்டு இடம், சமையலறை மூன்றுக்கும் இடையே இருந்த சுவர்களை இடித்துவிட்டோம். வாசலில் நின்றால் பின்கதவு தெரியும். 20 அடி அகலம், 35 அடி நீளம், நடுவில் கதவில்லாத மாடிப்படி. பார்க்க அழகுதான். ஆனால் இப்படி ஒரு வீட்டைக் குளிர வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஏர்கோன் மாட்டிய பிறகுதான் புரிந்தது.

அந்த செப்டம்பரில் கடும் புகைமூட்டம். பள்ளிகளையே மூடினார்கள். ஜன்னலைத் திறக்க முடியாத புழுக்கத்தில் கடைக்கு ஓடினோம். ஏர்கோனின் குளிர வைக்கும் திறனை பிடியு என்ற அளவில் சொல்வார்கள்; சதுர அடிக்கு 60 பிடியு என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. எங்கள் 700 சதுர அடிக்கு 42,000 வருகிறது. ஒரு ஹார்ஸ்பவர் ஏறக்குறைய 9,000 பிடியு. அப்படியென்றால் நாலரைக்கு மேல் வேண்டும். கடைக்காரரோ, "இரண்டரை போதும்மா, மேலே ஃபேன் இருக்குல்ல" என்றார். விலையும் இறங்கியதால் தலையாட்டிவிட்டோம். கம்ப்ரசர் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் இல்லாத மாடல் அது.

முன்சுவரில் மாட்டியதும் சோபாவில் இருப்பவர்கள் போர்வை தேடினார்கள், சமையலறையில் நிற்பவர்களுக்கு வியர்த்தது. வெப்பத்தை அளக்கும் சென்சார் ஏர்கோனுக்குள்ளேயே இருக்கிறது. தன்னைச் சுற்றியுள்ள மூலை குளிர்ந்ததும் வேலை முடிந்தது என்று கம்ப்ரசரை நிறுத்திவிடும். நின்று நின்று ஓடுவதால் காற்றிலுள்ள ஈரமும் சரியாக வடியாது. "உன் குளிரு எனக்கு எங்கம்மா வருது? நான் அடுப்புக்கிட்டதானே நிக்கிறேன்" என்று அத்தை கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. 140 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்த கரண்ட் பில் 330ஐத் தொட்டது. அப்போதைய கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், 300ஐத் தாண்டினால் 51.6 சென். ஏர்கோன் தின்றதெல்லாம் அந்த விலை கூடிய யூனிட்டுகள்.

அப்புறம் எண்ணெய்ப் பிரச்சினை. இதை எந்தக் கடையிலும் யாரும் சொல்லவில்லை. நம் வீட்டில் தாளிக்காத நாள் உண்டா? நெத்திலி சம்பல் வதக்கும் ஆவி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கற்பூரப் புகை எல்லாம் சுவர் இல்லாததால் நேராக ஏர்கோனுக்குள் போயின. இரண்டாவது தீபாவளியன்று விருந்தாளிகள் தலைமேல் தண்ணீர் சொட்டியது. கழற்றிக் கழுவ வந்த தம்பி கூலிங் காயிலைத் தடவிக் காட்டி, "அக்கா, இது தூசி இல்ல, எண்ணெய்" என்றான். தூசியும் எண்ணெயும் சேர்ந்து சளி மாதிரி வடிகால் குழாயை அடைத்திருந்தது. அதிலிருந்து ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நானே கழுவுகிறேன்; மருந்து போட்டுக் கழுவும் கெமிக்கல் சர்வீஸ் வருடம் ஒன்று. சாம்பிராணி போடும்போது ஏர்கோனை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுவேன். சுவரில் மாட்டும் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றவிடுகிறது என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியும்.

2021ல் மறுபடி யோசித்தோம். கூரையில் பதிக்கும் கேசட் வகைதான் நாலு பக்கமும் காற்று வீசும் என்று மச்சான் ஒரே பிடியாக நின்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அதை மறைக்கக் கிட்டத்தட்ட ஓரடிக்கு பிளாஸ்டர் சீலிங்கை இறக்க வேண்டும். ஃபேன் எங்கே தொங்கும்? வேண்டாம் என்றுவிட்டேன்.

கடைசியில் சாப்பாட்டு மேசைக்கு மேலே பக்கச் சுவரில் ஒன்றரை ஹார்ஸ்பவர் இன்வெர்ட்டர் ஒன்று மாட்டினோம். அடுப்பு இருக்கும் பகுதிக்கு மட்டும் கண்ணாடி இழுகதவு. மேற்கு வெயில் விழும் ஜன்னலுக்குக் கனத்த திரை. என்னைக் கேட்டால் அந்தக் கதவும் திரையும்தான் உண்மையான ஏர்கோன். செட் பண்ணிய டிகிரியை எட்டி, கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்த பிறகுதான் இன்வெர்ட்டர் மிச்சம் பிடிக்கும். வெப்பம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அதுவும் முழு மூச்சில்தான் ஓடும், பெயருக்குத்தான் இன்வெர்ட்டர்.

இப்போது மாலையில் அந்தச் சின்ன ஏர்கோன் மட்டும் 26ல் ஓடுகிறது, கூடவே ஃபேன். 700 சதுர அடியையும் குளிர வைக்கும் ஆசையை விட்டாயிற்று. நாங்கள் உட்காரும் 250 சதுர அடி குளிர்ந்தால் போதும். பழையதை ஆள் கூடினால்தான் போடுகிறோம். பில் 220 வெள்ளி அளவில் நின்றது.

மாடிப்படி மட்டும் இன்னும் தீரவில்லை. மேலே படுக்கையறைக் கதவைத் திறந்து வைத்தால் அங்குள்ள குளிர் படி வழியாக இறங்கி வந்துவிடுகிறது, அறை மறுபடி சூடாகிறது. படிக்கு ஒரு கதவு போடலாம் என்றால், சுவரை இடிக்கச் சொன்னதே நீதானே என்கிறார் வீட்டுக்காரர்.